ஒற்றாடலும் பெண் உழைப்பும்: முதலாம் உலகப் போர்க்காலப் பெல்ஜியம் பற்றிய சில சிந்தனைகள்

1

திருக்குறளின் 59ஆவது அதிகாரமாகிய ஒற்றாடல், ஒற்றரை அரசனின் கண்ணெனக் கொள்கின்றது. ஓர் ஒற்றர் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றரைக் கொண்டு ஒப்புநோக்க வேண்டும், ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆள வேண்டும் என்றெல்லாம் கூறிச் செல்லும் அவ்வதிகாரம், ஒற்றருக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்தலாகாது என்னும் எச்சரிக்கையோடு முடிவடைகின்றது. சிறப்புச் செய்தால் மறைபொருளை அரசனே வெளிப்படுத்தியவன் ஆவான் என்பது அதன் நியாயம். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம், ஒற்றாக அமர்த்தத் தக்கவருள் ஒருத்தியாக, பிழைப்பை நாடி நிற்கும் வறிய கைம்பெண்ணாகிய பிராமணத் துறவினியைக் குறிப்பிடுகின்றது. உயர் அதிகாரிகளின் மனைகளுக்கு ஐயத்துக்கிடமின்றிச் சென்றுவரக் கூடியவள் என்பதே அவளது தகுதியாகும்.

இவ்விரு நூல்களும் அரசின் நோக்குநிலையில் நின்று எழுதப்பட்டவை. ஆயினும், ஒற்றாடலின் சமூக அடிப்படை பற்றிய இரண்டு உண்மைகளை அவை நமக்குத் தருகின்றன. பெண்ணின் வறுமையும் தாழ்நிலையும் அரசுக்கு ஒரு வளமாகின்றன என்பது ஒன்று. அவ்வளத்தைப் பயன்படுத்திய அரசு அதனை வெளிப்பட ஏற்றுக்கொள்வதில்லை என்பது மற்றையது. 1914 முதல் 1918 வரை ஜேர்மன் ஆக்கிரமிப்பின் கீழிருந்த பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் ஒற்றாடலில் ஈடுபட்ட இளம் பெண்களின் வரலாற்றை இவ்விரு உண்மைகளின் ஒளியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பெண்கள் தம் பணியை எவ்வாறு விளங்கிக்கொண்டனர், அரசு அதனை எவ்வாறு விளங்கிக்கொள்ள விரும்பியது என்னும் முரண்பாடே இங்கு நம் கவனத்துக்குரியது.

2

1914 ஆகஸ்ட் 4ஆந் திகதி ஜேர்மன் படைகள் பெல்ஜியத்தினுட் புகுந்தன. அவ்வாண்டு முடிவதற்குள், மேற்கு மூலையிலுள்ள ஒரு சிறு நிலப்பகுதி தவிர்ந்த பெல்ஜியம் முழுவதும், அதனையடுத்த வட பிரான்சின் லீல், றூபே முதலிய தொழில் நகரங்களும் ஆக்கிரமிப்புக்குட்பட்டன. போர்முனை பதுங்குகுழிகளில் உறைந்து நின்றது. அங்கு இலட்சக்கணக்கான படைவீரருக்கு வேண்டிய உணவு, வெடிமருந்து, குதிரைத் தீவனம் என்பனவும், புதிய படையணிகளும் பெல்ஜியத்தின் புகையிரதப் பாதைகள் வழியாகவே சென்றன. ஒரு நாளில் எத்தனை புகையிரதங்கள் எத்திசையிற் செல்கின்றன, அவற்றின் பெட்டிகளில் ஏற்றப்பட்டிருப்பவர் படைவீரரா, பீரங்கிகளா என்பதைக் கணக்கிட முடியுமாயின், அடுத்த தாக்குதல் எவ்விடத்தில் நிகழும் என்பதை ஊகிக்கலாம். எனவே இப்போரில் ஒற்றாடல் என்பது பெரும்பாலும் எண்ணுதல் என்னும் வேலையாக இருந்தது. சன்னலோரத்தில் அமர்ந்து, இரவும் பகலும், வாரங்கள் மாதங்களாகச் செய்யப்படும் சலிப்பூட்டும் வேலை அது. அக்கணக்கு நடுநிலை நாடாகிய ஒல்லாந்தின் றொட்டர்டாம் நகரை அடைந்து, அங்கிருந்து நேசநாட்டுப் படைத் தலைமையகங்களுக்குச் சென்றது. 1915ஆம் ஆண்டில் ஒல்லாந்து எல்லை நெடுகிலும் ஜேர்மானியர் மின்சார வேலி அமைத்த பின்னர், செய்தியை எல்லை கடத்துவது உயிரைப் பணயம் வைக்கும் செயலாயிற்று.

இவ்வேலையில் பெண்கள் இடம்பெற்றமைக்கான காரணத்தைப் பெண்மையின் இயல்பிலே தேட வேண்டியதில்லை. ஆக்கிரமிப்புப் பொருளாதாரத்திலேயே அக்காரணம் உள்ளது. படையிற் சேர்ந்த ஆண்கள் போர்முனைக்கு அப்பால் இருந்தனர். எஞ்சியிருந்த உழைக்கும் வயதினர் கடும் கண்காணிப்புக்கு ஆளாயினர். 1916ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடக்கம் ஏறத்தாழ 120,000 பெல்ஜியத் தொழிலாளர் ஜேர்மனிக்கும் போர்முனையின் பின்புலத்துக்கும் கட்டாய உழைப்புக்காகக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே ஆண்டு ஏப்பிரலில் லீல் வட்டாரத்திலிருந்து வயல் வேலைகளுக்காகப் பலவந்தமாக அகற்றப்பட்ட ஏறத்தாழ 20,000 பேருள் இளம் பெண்களும் இருந்தனர்.

தெருவில் நடமாடும் ஆண் ஒருவனைக் காவலன் ஐயத்துடன் நோக்கினான். உணவு தேடிச் சந்தைக்குச் செல்பவள், வீட்டு வேலைக்குச் செல்பவள், நோயாளியைப் பார்க்கச் செல்லும் தாதி ஆகியோரை அவன் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. பெண்ணின் அன்றாட உழைப்பை உழைப்பாகக் கருதாத ஒரு சமூகத்தில், அவ்வுழைப்பினூடே நிகழும் வேறெதுவும் கண்ணிற் படுவதில்லை. ஆணாதிக்கக் கருத்துநிலை பெண்ணின் மீது போர்த்தியிருந்த திரையே அவளது மறைவிடமாயிற்று.

3

இவ்வுண்மையை விளக்கும் சிறந்த சான்று 'வெள்ளைச் சீமாட்டி' என்று பொருள்படும் பெயர் கொண்ட வலையமைப்பாகும். வெள்ளுடை அணிந்த சீமாட்டியின் தோற்றம் ஜேர்மன் அரச வம்சத்தின் வீழ்ச்சியை முன்னறிவிக்கும் என்னும் ஐதீகத்திலிருந்து அப்பெயர் பெறப்பட்டது. லீயேஜ் நகரில் இயங்கிய ஓர் ஒற்றர் குழுவின் தலைவரான டியுடொனே லாம்பிரெக்ற் 1916 ஏப்பிரலில் ஜேர்மானியரால் சுட்டுக் கொல்லப்பட்டதும், அவரது உறவினரும் தொலைபேசிப் பொறியியலாளருமான வால்தேர் டெவே அப்பணியைத் தொடர்ந்தார். போர் முடியும்போது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வமைப்பில் இருந்தனர். அவர்களுட் கணிசமானோர் பெண்கள். ஆசிரியைகள், கன்னியாஸ்திரிகள், கடைக்காரப் பெண்கள், பிரபுக் குடும்பத்துப் பெண்கள் எனப் பல நிலைப்பட்டோர் அதிற் சேர்ந்திருந்தனர்.

பிரெஞ்சு எல்லைக்குள் ஃபூர்மி என்னுமிடத்தில், ஹிர்சோன் சந்தியோடு இணைந்த புகையிரதப் பாதையை அண்டிய ஒரு குடிசையில் இயங்கிய காவலிடம் பற்றி, றொட்டர்டாமில் பிரித்தானிய உளவுத்துறைக்குப் பொறுப்பாயிருந்த ஹென்றி லண்டோ தமது நினைவுநூலில் எழுதியுள்ளார். முன்னாள் புகையிரத ஊழியர் ஒருவரும், அவர் மனைவியும், 14, 13 வயதுடைய அவர்களின் புதல்வியர் இருவருமே அக்காவலிடத்தின் ஒற்றர்கள். 1917 செப்டெம்பர் தொடக்கம் அவர்கள் முறைவைத்து, திரைச்சீலையின் இடுக்கு வழியே, செல்லும் வண்டிகளைக் கணக்கிட்டனர். எழுதி வைத்தால் சோதனையில் அகப்படும் என்பதால் அடுக்களைப் பொருள்களே எண்களாயின. படைவீரருக்கு அவரை விதை, குதிரைகளுக்குச் சிக்கரி, பீரங்கிகளுக்குக் கோப்பி என்றவாறு அக்கணக்கு அமைந்தது. தொகுத்தெழுதிய அறிக்கை துடைப்பத்தின் உட்குடைந்த கைப்பிடியில் மறைத்து வைக்கப்பட்டது.

துடைப்பமும் அவரை விதையும் ஒற்றாடலின் கருவிகளாகியதைப் புதுமையான தந்திரமெனக் கூறி அமைந்துவிட முடியாது. இல்லத்து உழைப்பின் கருவிகளும், அவ்வுழைப்புப் பயிற்றிய பொறுமையும் ஒழுங்கும் ஒரு பெரும் யுத்தத்தின் தேவைக்காக இடம்மாற்றப்பட்டன என்பதே இதன் பொருள். சிறுமியர் இருவரது கணக்கும் படைத்தலைவர்களின் வரைபடங்களில் அம்புக்குறிகளாக மாறியது. ஆயினும் யுத்த வரலாற்று நூல்களிலே அம்புக்குறிகளுக்குரிய தளபதிகளின் பெயர்களே நிலைத்தன.

ஃபூர்மி என்னும் பெயர் தொழிலாளர் இயக்க வரலாற்றை அறிந்தோருக்குப் புதியதன்று. 1891ஆம் ஆண்டு மே தினத்தன்று அந்நெசவாலை நகரில் ஊர்வலமாய்ச் சென்ற தொழிலாளர் மீது பிரெஞ்சுப் படையினர் சுட்டதில் 9 பேர் மாண்டனர். அவர்களுள் இளம் பெண்களும் இருந்தனர். தன் புதல்வியரைச் சுட்ட அதே அரசுக்காக, 26 ஆண்டுகளின் பின், அந்நகரின் சிறுமியர் உயிரைப் பணயம் வைத்து உழைத்தனர். ஆக்கிரமிப்புக்கெதிரான மக்களின் உணர்வும் முதலாளித்துவ அரசின் நலனும் ஒரு கட்டத்தில் ஒன்றாகத் தோன்றினும், அவை ஒன்றல்ல என்பதை இம்முரண்பாடு நினைவூட்டுகின்றது.

4

ஒற்றராகிய பெண்களின் வர்க்கப் பின்னணி ஒரே தன்மையதன்று. எனினும், அவர்களுட் பெயர் நிலைபெற்ற இருவரை நோக்கும்போது ஒரு பொதுத்தன்மை புலனாகின்றது. கப்ரியேல் பெற்றி 1893இல் தூர்னேயில், நொடித்துப்போன ஒரு குடும்பத்தில் பிறந்தவர். தாயை இளமையிலே இழந்து, கன்னியர் மடத்தின் ஆதரவில் வளர்ந்து, பின் பிறஸல்ஸ் நகரிலே கடையில் விற்பனைப் பெண்ணாகவும் வேறு சில்லறை வேலைகள் செய்தும் வாழ்ந்தார். 1915இல் இங்கிலாந்து சென்றபோது பிரித்தானிய உளவுத்துறை அவரைச் சேர்த்துக்கொண்டது. குறுகிய பயிற்சியின் பின் நாடு திரும்பி, படையணிகளின் நகர்வுகளைத் திரட்டி அனுப்பினார். தடைசெய்யப்பட்ட பத்திரிகையையும் பரப்பினார். 1916இன் தொடக்கத்தில் கைதாகி, அவ்வாண்டு ஏப்பிரல் 1ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 23.

லூயிஸ் டி பெற்றினி 1880இல் பிறந்தவர். பழைய பிரபு மரபின் பெயர் இருந்ததேயன்றிச் செல்வம் இருக்கவில்லை. அதனால் இத்தாலியிலும் ஒஸ்திரியாவிலும் செல்வர் மனைகளில் தங்கி, அவர்தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தொழிலைச் செய்து பன்மொழிப் புலமை பெற்றார். லீல் வட்டாரத்தில் அவர் அமைத்த வலையமைப்பு 1915இல் மிகச் சிறப்பாக இயங்கியது. அவ்வாண்டு ஒக்டோபரில் கைதான அவருக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை பின்னர் சிறைத்தண்டனையாக மாற்றப்பட்டது. சீக்பூர்க் சிறையிலே கைதிப் பெண்களை வெடிகுண்டுப் பாகங்கள் செய்யுமாறு பணித்தபோது, அவ்வேலையை மறுத்து, ஏனையோரையும் மறுக்கத் தூண்டினார். அதற்காகத் தனிச்சிறையில் அடைக்கப்பட்டார். போர்நிறுத்தத்துக்கு ஆறு வாரங்களே இருக்கையில், 1918 செப்டெம்பர் 27ஆந் திகதி, கொலோன் நகரில் இறந்தார்.

விற்பனைப் பெண்ணும் வீட்டாசிரியையும் வர்க்கத்தால் வேறுபட்டவர். ஆனால் இருவரும் தம் உழைப்பை விற்று வாழ்ந்த, குடும்பப் பாதுகாப்பை இழந்திருந்த, மணமாகாத பெண்கள். பிறருக்குப் பணிசெய்யும்போது பிறரைக் கூர்ந்து நோக்கும் ஆற்றலைத் தொழிலே அவர்களுக்குக் கற்பித்தது. அர்த்தசாஸ்திரம் கூறும் வறிய துறவினியின் நிலைமைக்கும் இவர்களது நிலைமைக்கும் இடையே ஓர் ஒற்றுமை உண்டு. வேற்றுமையும் உண்டு. அத்துறவினி அரசின் கருவி மாத்திரமே. இவர்களோ ஆக்கிரமிப்பை எதிர்ப்பதென்னும் முடிவைத் தாமே எடுத்தவர்கள்.

5

இம்முடிவின் அரசியல் உள்ளடக்கம் வெள்ளைச் சீமாட்டி அமைப்பு முன்வைத்த ஒரு கோரிக்கையிலே தெளிவாக வெளிப்படுகின்றது. 1917இல் பிரித்தானிய உளவுத்துறையோடு தொடர்பு ஏற்பட்டபோது, தாம் ஒற்றராகவன்றிப் படைவீரராகவே ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும் என அதன் தலைவர்கள் வற்புறுத்தினர். அவ்வாறே அமைப்பு பட்டாலியன், கொம்பனி, பிளட்டூன் எனப் படைமுறையில் வகுக்கப்பட்டது. உறுப்பினர் சத்தியப் பிரமாணம் செய்தனர். பெண்களும் அப்பிரமாணத்தைச் செய்தே சேர்ந்தனர். இஃது அக்காலப் படைச் சட்டங்கள் கற்பனை செய்தும் பாராத ஒன்றாகும்.

இக்கோரிக்கை உயிர்காப்புக்கானதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளின்படி, மாறுவேடத்தில் மறைவாகச் செய்தி திரட்டுபவர் படைவீரராயினும் ஒற்றரே. பகைவர் கையில் அகப்பட்டால் பிரமாணமும் பதவியும் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கப் போவதில்லை. அவ்வாறாயின் அவர்கள் வேண்டியது யாது? கூலிக்குக் காட்டிக்கொடுப்பவர் என்னும் இழிபெயரினின்று தம் பணியை மீட்பதையே அவர்கள் வேண்டினர். தாம் செய்தது ஒரு கடமை, அதற்கு ஒரு பெயரும் பதிவும் வேண்டும் என்றனர். ஒற்றருக்கு வெளிப்படச் சிறப்புச் செய்யலாகாது என்னும் பழைய அரசியல் விதியை ஒற்றரே மறுத்துரைத்த தருணமாக இதனைக் கொள்ளலாம். படைவீரராதல் அக்காலத்தில் முழுக் குடியுரிமையின் அடையாளமாய் இருந்தமையால், பெண்களைப் பொறுத்தவரை இம்மறுப்பின் பொருள் இன்னும் ஆழமானதாகும்.

6

ஃபூர்மிச் சிறுமியர் கணக்கிடத் தொடங்கிய அடுத்த மாதம், 1917 ஒக்டோபர் 15ஆந் திகதி, பாரிசையடுத்த வன்சேனில் மாதா ஹரி சுட்டுக் கொல்லப்பட்டார். ஒல்லாந்திற் பிறந்து, காலனியாகிய ஜாவாவில் ஓர் இராணுவ உத்தியோகத்தரின் மனைவியாய்ச் சில ஆண்டுகள் வாழ்ந்து, பின் பாரிசிலே 'கீழைத்தேய' நடனக்காரியாகப் புகழ்பெற்ற இப்பெண்ணின் மீது சுமத்தப்பட்ட குற்றங்களுக்கான சான்றுகள் மிக வலுவற்றவை என்பதை வரலாற்றாசிரியர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஜேர்மானியரிடம் அவர் பணம் பெற்றார் என்பது உண்மை. பெறுமதியான இரகசியம் எதனையும் கொடுத்தார் என்பது நிறுவப்படவில்லை.

அவ்வாண்டின் சூழ்நிலை இங்கு முக்கியமானது. ஏப்பிரலில் தொடங்கிய பிரெஞ்சுத் தாக்குதல் பெருந்தோல்வியில் முடிந்தது. படைவீரர் மீண்டும் பலிக்களம் புக மறுத்துக் கலகம் செய்தனர். தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தங்கள் பரவின. பெண் தையற்றொழிலாளர் அவற்றுள் முன்னின்றனர். தளபதிகளின் தவறும் யுத்தத்தின் அநீதியும் பேசப்படலான அவ்வேளையில், தோல்விக்குக் காரணம் ஒரு நடனக்காரியின் துரோகமே என நம்பவைப்பது ஆளும் வர்க்கத்துக்கு வசதியாயிருந்தது. இவ்வழக்கை அச்சூழ்நிலையினின்று பிரித்து நோக்குதல் இயலாது.

ஆனால் பெண் ஒற்றர் என்றதும் உலகின் நினைவுக்கு வருபவர் மாதா ஹரியே. 1931இல் கிறேற்றா கார்போ நடித்த திரைப்படம் அப்படிமத்தை உலகெங்கும் பரப்பியது. உடலை விலையாகக் கொடுத்து இரகசியம் பெறும் மாயக்காரி என்னும் இப்படிமம் இருவகையிற் பயன்பட்டது. பெண் பொதுவாழ்வில் நுழைதல் ஆபத்தானது என்ற அச்சத்தை அது வளர்த்தது. கண்விழித்து எண்ணியும் எழுதியும் சுமந்தும் உழைத்த பெண்களின் பணியை அது மறைத்தது. பெண்ணின் உடலைப் பேசுவதன் மூலம் அவளது உழைப்பைப் பேசாதுவிடும் இக்கருத்துநிலைச் செயற்பாடு ஒற்றாடலுக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் ஒற்றாடலில் அது மிக அப்பட்டமாகக் காணப்படுகின்றது.

7

1919 மே மாதத்தில் பெல்ஜியத்தில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். போர்க்காலத்தில் பெரிதும் அறியப்படாதிருந்த கப்ரியேல் பெற்றியின் உடல் தோண்டியெடுக்கப்பட்டு, அரசி முன்னிலையில், அரச மரியாதையுடன் மீள அடக்கம் செய்யப்பட்டது ஒன்று. 1923இல் பிறஸல்ஸ் நகரின் நடுவே அவருக்குச் சிலையும் எழுந்தது. மற்றையது, அதே மாதம் 9ஆந் திகதிய தேர்தற் சட்டம். வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் சமமான வாக்குரிமையை வழங்கிய அச்சட்டம், பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை மூன்று வகைப் பெண்களுக்கே அளித்தது. மறுமணம் செய்யாத போர்க் கைம்பெண்கள், மைந்தரை இழந்த கைம்பெண் தாய்மார், ஆக்கிரமிப்பாளரால் நாட்டுப்பற்றுச் செயல்களுக்காகச் சிறையிடப்பட்ட பெண்கள் ஆகியோரே அவர்கள்.

முதல் இரு வகையினர், இறந்த ஆணின் பிரதிநிதிகளாக உரிமை பெற்றனர். மூன்றாம் வகையினரே தம் சொந்தச் செயலால் உரிமை பெற்றவர்கள். ஆனால் அங்கும் அளவுகோல் செயலன்று, சிறையே. திறமையாகப் பணிபுரிந்து, பகைவனிடம் அகப்படாது, தம் கூட்டாளிகளையும் காத்து, போர்நிறுத்த நாள் வரை செய்தி அனுப்பிய பெண்ணுக்கு வாக்கில்லை. அகப்பட்டவளுக்கே அது கிடைத்தது. ஒற்றாடலில் வெற்றி என்பது அகப்படாமையே என்பதை எண்ணும்போது, இச்சட்டம் பெண்ணின் ஆற்றலுக்கன்றி அவளது துன்பத்துக்கே பரிசளித்தது என்பது தெளிவாகின்றது. தியாகியாகிய பெண்ணை ஏற்பது அரசுக்கு எளிது. அவளுக்குச் சிலை போதும். வினையாற்றிய பெண்ணை ஏற்பின் அவளோடு அதிகாரத்தைப் பகிர வேண்டிவரும். பெல்ஜியப் பெண்கள் அனைவரும் பாராளுமன்ற வாக்குரிமை பெற 1948 வரை காத்திருக்க நேர்ந்தது.

8

இம்முரண்பாடு அடுத்த யுத்தத்திலும் தொடர்ந்தது. பிரான்சில் இயங்குவதற்காகப் பிரித்தானிய இரகசிய நிறுவனத்தின் பிரெஞ்சுப் பிரிவு 39 பெண்களை அனுப்பியது. அவர்களுள் 13 பேர் மீளவில்லை. 1799இல் பிரித்தானியரோடு பொருது மடிந்த திப்பு சுல்தானின் வழித்தோன்றலான நூர் இனாயத் கான், அதே பிரித்தானியரின் கம்பியில்லாத் தந்தியாளராய்ப் பாரிசிற் பணிபுரிந்து, 1944 செப்டெம்பரில் டாக்கவ் முகாமிற் கொல்லப்பட்டார். ஜேர்மன் உத்தியோகத்தரிடையே மொழிபெயர்ப்பாளராய் இருந்தவாறு, 1943இல் அவர்களின் ஏவுகணைத் திட்டம் பற்றிய அறிக்கையை அனுப்பிய ஷனி றூசோ, பின்னர் கைதாகி முகாமில் அடைக்கப்பட்டபோது, சர்வதேச உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டி வெடிமருந்து செய்ய மறுத்தார். சீக்பூர்க் சிறையில் லூயிஸ் டி பெற்றினி செய்த மறுப்பின் தொடர்ச்சியாகவே இது தோன்றுகின்றது. 1944இல் பெரும் கெரில்லாப் படையொன்றை வழிநடத்திய பேர்ள் விதரிங்டன், யுத்தத்தின் பின் தமக்கு வழங்கப்பட்ட குடிசார் விருதை, தாம் செய்ததில் குடிசார்ந்தது எதுவுமில்லை எனக் கூறித் திருப்பியனுப்பினார். வெள்ளைச் சீமாட்டியின் பெண்கள் 1917இல் எழுப்பிய கோரிக்கையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் மீண்டும் எழுந்தது.

ஒன்றை மறைத்தலாகாது. முதலாம் உலகப் போர் ஏகாதிபத்தியங்கள் உலகைப் பங்கிடுவதற்காகப் புரிந்த போர். ஆக்கிரமிப்பால் அல்லலுற்ற பெல்ஜியத்தின் அரசே கொங்கோ மக்களை அடிமைகொண்டிருந்தது. ஆகவே இப்பெண்கள் பணியாற்றிய அரசுகளைப் போற்றுதல் நம் வேலையன்று. ஆயினும் கட்டாய உழைப்புக்கும் பட்டினிக்கும் எதிராக எழுந்த மக்களின் எதிர்ப்பில் அவர்களுக்குரிய பங்கை, அரசுகளின் குற்றத்தைக் காட்டி மறுத்தலும் நியாயமாகாது. அமெரிக்க வரலாற்றாசிரியர் தாமி புறொக்ரர் 2003இலும், பெல்ஜிய வரலாற்றாசிரியர் சோபி டி ஷேப்டிறைவர் 2015இலும் வெளியிட்ட நூல்கள் இத்துறையிற் புதிய வழி திறந்துள்ளன. மாயக்காரி, தியாகி என்னும் இரு படிமங்களையும் விலக்கி, உழைத்த பெண்ணை வரலாற்றின் நடுவே நிறுத்துவதற்கு இத்தகைய ஆய்வுகள் துணைபுரிகின்றன. யுத்தம் நிகழ்ந்த எந்நாட்டின் வரலாற்றை எழுதும்போதும், யார் சுட்டார், யார் மாண்டார் என்னும் வினாக்களோடு, யார் எண்ணினார், யார் சுமந்தார், யார் மறைத்துக் காத்தார் என்னும் வினாக்களையும் கேட்டாக வேண்டும். அவற்றுக்கு விடை தேடும்போதுதான் சிலைகளோ வாக்குச்சீட்டோ பெறாத பெரும்பான்மையோர் வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.